ஆறுமுகசாமி சாருக்கு ஒரு கை

கம்பம்மெட்டில் ஏலக்காய் வாங்க வருகிறவர்கள் பொன்ராஜைப் பார்த்துச் சிரிப்பது ஒரு விஷயத்துக்காகத்தான். சாக்கைப் பிரித்ததும் மற்ற வியாபாரிகள் ஒரு பிடி காயை உள்ளங்கையில் கொட்டி, தேய்த்து, ஊதி, ஒன்றைக் கடித்துப் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் அங்கேயே துப்புவார்கள். பொன்ராஜ் மட்டும் காயை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று கடிப்பான். துப்ப வேண்டியிருந்தால் கைக்குட்டையில் துப்பி, மடித்துப் பையில் வைத்துக்கொள்வான். “என்னப்பா பொன்ராசு, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி வெக்கப்படுற” என்று கேலி செய்வார்கள்.

எனக்குக் காரணம் தெரியும். போன வருஷம் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தபோது அவனைப் பார்க்க மலைக்குப் போயிருந்தேன். மூட்டைகளுக்கு நடுவே ஒரு பலகையில் உட்கார்ந்து, கையிலிருந்த பால் விடாத கட்டன் சாயா ஆறிப்போகும் வரை பேசினான். பாதிக் கதை எனக்கே தெரிந்ததுதான். நாங்கள் இரண்டு பேரும் பாலக்காட்டில் ஒரே வகுப்பில் சரித்திரம் படித்தவர்கள். மீதிப் பாதியை அன்றுதான் சொன்னான். இதை எழுதட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“எழுது. ஆனா என் பேர மாத்திராத. மாத்துனா, வேற எவனோ பண்ணுனதுன்னு நானே நம்பிருவேன்” என்றான்.

அதனால் மாற்றவில்லை. ஆனாலும் எழுத உட்கார்ந்தால் கை தயங்கத்தான் செய்கிறது.

பொன்ராஜ் இடுக்கி மலையில் சாந்தன்பாறைக்காரன். அப்பா அழகுமலை ஏலத்தோட்டத்தில் களை வெட்டுவார், மருந்தடிப்பார். சந்தை நாளில் வியாபாரிக்கு மூட்டை தூக்கவும் போவார். அம்மா வேலுத்தாய் காய் எடுக்கிறவள். ஐந்தாம் வகுப்பு வரை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தமிழ், அதற்குப் பிறகு மலையாளம் என்று படித்தான். பாலக்காட்டில் இரண்டாம் மொழியாகத் தமிழ் எடுக்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, போடி இறங்கி, பழனி, பொள்ளாச்சி என்று சுற்றி, ஒரு தகரப் பெட்டியோடு வந்து ஹாஸ்டலில் சேர்ந்தான். இடுக்கி அப்போதுதான் தனி ஜில்லா ஆகியிருந்தது. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அது எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியமும் அவர்களுக்கு இருக்கவில்லை. வந்த அன்றே அவனுக்குப் ‘பாண்டி’ என்று பேர் வைத்துவிட்டார்கள். தமிழ் பேசுகிறவன் யாராக இருந்தாலும் அங்கே அதுதான் பேர்.

எங்கள் வீட்டிலும் தமிழ்தான். கடைவீதியில் அத்தாவுக்கு அரிசிக் கடை, ராவுத்தர் குடும்பம். ஆனால் கடையில் மலையாளம் பேசிப் பேசி என் பேச்சில் தமிழ் வாடை போய்விட்டிருந்தது. ஹக்கீம் என்ற என் பேரைக் கேட்டு யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். பொன்ராஜால் அப்படி மறைந்துகொள்ள முடியாது. வாயைத் திறந்தால் சாந்தன்பாறை வந்து முன்னால் நிற்கும்.

அதனால் அவன் அடுத்தவர்கள் குரலில் பேசக் கற்றுக்கொண்டான். ஹாஸ்டல் வார்டன், மெஸ் சமையல்காரர், டவுன் பஸ் கண்டக்டர், ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் என்று யாரைக் கேட்டாலும் அவன் தொண்டையிலிருந்து வருவார்கள். தன் குரலில் பேசும்வரை அவன் பாண்டி. வார்டன் குரலில் பேசினால், “எடா பொன்ராஜே, ஒண்ணுகூடி” என்று இன்னொரு தடவைக்குக் கெஞ்சுவார்கள். அவர்கள் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்கவே அவன் புதிது புதிதாக ஆள் பிடித்தான்.

எங்கள் கல்லூரியில் சரித்திரம் எடுத்தவர்கள் கடைசி வருஷத்தில் ஒரு பேப்பரைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எந்தப் பேப்பர் என்று யாரும் பார்ப்பதில்லை. எந்த சார் என்றுதான் பார்ப்பார்கள். யார் நோட்ஸ் சொல்லுவார், யார் பரீட்சைக்கு வரப்போகிற கேள்வியை ஜாடை காட்டுவார், யார் வகுப்பில் தூக்கம் வரும் என்பதெல்லாம் சீனியர்கள் சொல்லித்தான் தெரியவேண்டும். அவர்கள் சும்மா சொல்ல மாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் மெஸ்ஸில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஒவ்வொரு சாராக நடித்துக் காட்டுவார்கள். ஜூனியர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடிப்பதற்குள் யார் பேப்பரை எடுப்பது, யார் பேப்பரைத் தொடக்கூடாது என்று தீர்மானமாகிவிடும்.

பல வருஷமாக நடந்த இந்த வழக்கத்துக்குப் பேர் எதுவும் இல்லாமல் இருந்தது. பொன்ராஜ்தான் ‘சாக்குப் பிரிப்பு’ என்று வைத்தான். அவன் ஊரில் காய் வாங்குகிறவர்கள் சாக்கைப் பிரித்து ஒரு பிடி அள்ளிப் பார்ப்பதை எங்களுக்கு நடித்தே காட்டியிருந்தான். பெரிய வியாபாரி ஒருத்தர் கடித்துத் துப்பிவிட்டால் போதுமாம். அந்தச் சீசன் முழுக்க அந்தத் தோட்டத்துக் காயை மற்றவர்கள் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்களாம். வியாபாரியின் தொந்தி, வெற்றிலை வாய், முகத்தைச் சுளித்து ஒரு துப்பல். மெஸ்ஸே உருண்டு சிரித்தது. ‘சாக்குப் பிரிப்பு’ என்ற பேர் ஒட்டிக்கொண்டது.

எழுபத்து மூன்றில், நாங்கள் இரண்டாம் வருஷம் தொடங்கியபோது ஆறுமுகசாமி சார் வந்தார். பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ் பேசுகிற கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர். நீண்ட லீவில் போன ஒருவருடைய இடத்துக்குத் தற்காலிகமாக வந்தவர். அடுத்த வருஷத்துக்கு அவருடைய பேப்பர் தென்னிந்தியப் பொருளாதார வரலாறு. எட்டுப் பேராவது எடுத்தால் பேப்பர் நடக்கும், நடந்தால் அவரை இன்னொரு வருஷம் வைத்துக்கொள்ள மேலே எழுதிக் கேட்கலாம் என்று துறைத் தலைவர் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. எங்களுக்கும் புரியாமல் இல்லை.

சார் பாடம் நடத்துவது இங்கிலீஷில், விளக்குவது மலையாளத்தில், இரண்டுக்கும் ராகம் கோயம்புத்தூர். மாணவர்களை ‘நீ, வா, போ’ என்று பேசுகிற கல்லூரியில் அவர் மட்டும் எங்களை வாங்க போங்க என்பார். ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சைப் பார்த்து “மனசிலாச்சுங்களா?” என்று கேட்பார். புரிந்ததா என்பதில் பாதி மலையாளம், பாதி கொங்கு. வார்த்தை மறந்துபோனால் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் புளியமரத்தைப் பார்ப்பார். மரம் எடுத்துக் கொடுத்த மாதிரி தலையை ஆட்டிவிட்டுத் தொடருவார்.

ஒரு நாள் வகுப்பில் ஏலமலை வந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பேசினார்.

“தேவாரம், போடி, கம்பம் பக்கமிருந்து நடந்தே ஏறுனவங்க. ஒரு கம்பிளி, ஒரு சட்டி, அவ்வளவுதானுங்க. அவங்க இல்லீன்னா அந்த மலையில ஒரு காய் இல்லீங்க. ஆனா அவங்க பேரு எந்தப் புஸ்தகத்துலயும் கிடைக்காது. அந்தப் பக்கத்துல இருந்து வந்தவங்க இங்க யாராச்சும் இருந்தா கையத் தூக்குங்க. நான் உங்ககிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.”

பொன்ராஜின் தாத்தா தேவாரத்திலிருந்து அப்படி ஏறி வந்தவர். அவர் தோளில் கம்பளி இருந்தது, கையில் சட்டி இருந்தது. அதைப் பொன்ராஜ் வீட்டில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறான். அது கல்லூரியில் சொல்லுகிற விஷயம் என்று அவன் நினைத்ததே இல்லை. முன் பெஞ்சிலிருந்து சசிதரன் திரும்பி அவனைப் பார்த்துக் கண்ணடித்தான். சசிதரன் எங்கள் வகுப்பில் சிரிப்பை ஆரம்பித்து வைக்கிறவன். அவன் சிரித்தால் மற்றவர்களும் சிரிப்பார்கள். பொன்ராஜ் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். சாரின் பார்வை அவன்மேல் கொஞ்சம் நின்றது. அவன் ஊர் சாருக்குத் தெரியும். பிறகு பார்வை புளியமரத்துக்குப் போய்விட்டது.

“அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்டா, இவரு பேப்பரத்தான் எடுக்குறதுன்னு,” என்று கம்பம்மெட்டில் சொன்னான். “கைய மட்டும் தூக்க முடியல.”

மாசி மாதம் சாக்குப் பிரிப்பு வந்தது. அந்த வருஷம் அரிசி கிடைக்காத வருஷம். மெஸ்ஸில் கோதுமைக் கஞ்சியும் கப்பைக் கிழங்கும்தான். நான் ஹாஸ்டல்காரன் இல்லாவிட்டாலும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். சீனியர் ஒருவர் நவீன ஐரோப்பா நடத்தும் வர்கீஸ் சாரை நடித்தார். இரண்டு ஜோக், மூன்று முக்கியக் கேள்வி, “இது வந்நில்லெங்கில் என்னெத் தல்லிக்கோ” என்று ஒரு உத்தரவாதம் - வராவிட்டால் என்னை அடி. கைதட்டல். வேறு இரண்டு பேர் வந்துபோனார்கள். ஆறுமுகசாமி சார் முறை வந்தபோது சீனியர்கள் கையை விரித்தார்கள். புதியவர், அவர்களுக்குப் பாடம் எடுத்ததில்லை.

“பாண்டி சாரை ஆரு செய்யும்?” என்று யாரோ கேட்டார்கள்.

“வேற ஆரு? நம்ம பொன்ராஜ்,” என்றான் சசிதரன்.

“எனக்கு வேணாம்டா.”

“விடுங்கடா. பாண்டிக்குப் பாண்டிமேல சினேகம் இருக்காதா?” என்றான் சசிதரன் மறுபடி.

பேர் போய் மறுபடி பாண்டி வந்துவிட்டது. பொன்ராஜ் எழுந்தான்.

நானும் அங்கே இருந்தேன், நானும் சிரித்தேன், அதனால் சொல்கிறேன். அவ்வளவு துல்லியமாக இன்னொரு மனிதனை யாரும் நடித்து நான் பார்த்ததில்லை. வேட்டி நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்த விதம், சாக்பீஸ் கையைச் சட்டைப் பையில் துடைக்கப் போய் வேண்டாம் என்று திரும்புகிற விதம், எல்லாம் அப்படியே. மெஸ் ஜன்னல் வழியாகக் கிணற்றைப் பார்த்து நின்றான். கிணறு பதில் சொல்லும்வரை காத்திருந்தான். “ஒரு கம்பிளி, ஒரு சட்டி, அவ்வளவுதானுங்க” என்றான். கஞ்சி வாளியைப் பார்த்து “மனசிலாச்சுங்களா?” என்றான். பெஞ்சிலிருந்தவர்கள் கீழே இறங்கி உட்கார்ந்து சிரித்தார்கள்.

“காய் எங்ஙனெ?” என்று சசிதரன் கேட்டான். சரக்கு எப்படி என்று வியாபாரியைக் கேட்கிற மாதிரி.

பொன்ராஜ் வெறும் விரலால் ஒரு காயை எடுத்து வாயில் போட்டான். கடித்தான். முகத்தைச் சுளித்துத் துப்பினான்.

“மத்ததெல்லாம் விளையாட்டுன்னு வச்சுக்க,” என்றான் கம்பம்மெட்டில் என்னிடம். “துப்புனது விளையாட்டில்ல. ஒருத்தன் துப்புனா என்னாகும்னு அங்க இருந்தவய்ங்கள்ல எனக்குத்தான் தெரியும். எங்க அப்பா தூக்கிட்டுப் போன மூட்டைய ஒருத்தன் அப்பிடித் துப்பி, அவரே அதத் திரும்பத் தூக்கிட்டு வந்தத நான் பாத்திருக்கேன். தெரிஞ்சேதான் துப்புனேன். அவய்ங்க என்னைய பொன்ராஜேன்னு கூப்புட்டு தோள்ல தூக்குனாய்ங்க.”

அந்த வாரத்திலேயே ஒரு நாள் சார் அவனைப் புளியமரத்தடிக்குக் கூப்பிட்டார். விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே போனான். சார் சுற்றிலும் பார்த்துவிட்டு, மெதுவாகத் தமிழில் பேசினார்.

“தம்பி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். தப்பா எடுத்துக்காதீங்க. பசங்க என்னைப் பத்தி என்னங்க பேசிக்கிறாங்க? என்ர பாடத்துல என்ன கொறை? சொன்னீங்கன்னா திருத்திக்குவேன். பேப்பர் எடுக்கச் சொல்லி யாரையும் நான் கேக்கமாட்டனுங்க, அது முறையில்லை. கொறைய மட்டும் சொல்லுங்க.”

பொன்ராஜ் செருப்பைப் பார்த்தான். உண்மையைச் சொல்வதென்றால், உங்களிடம் ஒரு குறையும் இல்லை, நான்தான் துப்பினேன் என்று சொல்ல வேண்டும். வாய்க்கு வந்தது வேறு.

“சத்தம் கொஞ்சம் பத்தலன்னு பின்னாடி பெஞ்சுல சொல்றாய்ங்க, சார்.”

சாரின் முகம் தெளிந்துவிட்டது. “அவ்வளவுதானுங்களா? அடடா. முதல்லயே சொல்லியிருந்தா ஆச்சே. ரொம்ப உபகாரமுங்க” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து சார் கத்த ஆரம்பித்தார். மென்மையான குரல், கத்துவதற்குப் பழக்கப்பட்டதே இல்லை. பத்து நிமிஷத்தில் கீறல் விழும். கழுத்து நரம்பு புடைக்கும். சட்டைப் பையில் கற்கண்டு வைத்திருந்து, திரும்பி நின்று ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார். பக்கத்து வகுப்பிலிருந்து வந்து ஒருவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார். ‘மனசிலாச்சுங்களா’ இப்போது வராந்தா முழுக்கக் கேட்டது. “சார் மாட்டுச் சந்தைக்குப் போகிறார்” என்று சசிதரன் சொல்ல, வகுப்பு குனிந்து சிரித்தது. நடுநடுவே சார் பொன்ராஜைப் பார்த்து, போதுமா என்று கேட்கிற மாதிரி புருவத்தைத் தூக்குவார். பொன்ராஜ் தலையை ஆட்டுவான். வேறென்ன செய்வான்?

பேப்பர் எடுக்கும் நாள் நெருங்கியது. சரிசெய்துவிடலாம் என்று பொன்ராஜ் நினைத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் எல்லோரும் “பொன்ராஜே, சந்தை சாரைக் காட்டு” என்று கத்தியபோது, தயங்காமல் எழுந்தான். இந்தத் தடவை வேட்டியைத் தூக்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. சார் சொன்ன பாடத்தை உள்ளது உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்பதுதான் திட்டம். நல்ல காய் என்று கடித்துக் காட்டிவிட வேண்டும்.

“ஒரு கம்பிளி, ஒரு சட்டி” என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான், மெஸ் வெடித்தது.

“சிரிக்காதீங்கடா. கேளுங்க. தேவாரத்துல இருந்து நடந்தே ஏறுனாங்க.”

“ஏறுனாங்களாங்க?” என்று ஒரு மூலையிலிருந்து வந்தது.

“நெசமாத்தான்டா சொல்றேன். அது எங்க தாத்தாடா.”

“தாத்தாங்களா?” என்றது இன்னொரு மூலை. சசிதரனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “போன தடவையைவிட இதுதான் நன்னாயிட்டுண்டு, பொன்ராஜே” என்றான்.

அவனை அவர்கள் நம்பவில்லை. இதுவும் சாரின் பேச்சு என்றே நினைத்தார்கள். பொன்ராஜ் நின்றுகொண்டே இருந்தான். நான் எழுந்து, இவன் சொல்வது உண்மை, எங்கள் வீட்டிலும் தமிழ்தான் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. நான் எழுந்திருக்கவில்லை.

பேப்பர் தேர்ந்தெடுக்கும் அன்று துறைத் தலைவர் வகுப்புக்கு வந்தார். எல்லா சார்களும் அவருக்குப் பின்னால் சுவரோரம் நின்றார்கள். பேப்பர் பேரைச் சொல்லுவார். வேண்டியவர்கள் கை தூக்க வேண்டும். நவீன ஐரோப்பாவுக்கு வகுப்பில் முக்கால்வாசிக் கைகள் எழுந்தன. வர்கீஸ் சார் எண்ணுகிற மாதிரி பாவனை செய்துவிட்டுப் பாதியில் விட்டுவிட்டார். தேசிய இயக்கத்துக்கு மீதிக் கைகள். என் கை அதில் ஒன்று.

“தென்னிந்தியப் பொருளாதார வரலாறு?”

சார் நேராக நின்றார். அன்றைக்குப் புதுச் சட்டை போட்டிருந்தார், மடிப்புக் கலையவில்லை.

பொன்ராஜ் கையைத் தூக்கினான்.

சசிதரன் சிரிக்க ஆரம்பித்தான், வகுப்பே சிரித்தது. சாக்குப் பிரிப்பின் கடைசிக் காட்சி என்று நினைத்துவிட்டார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் சன்னமாக “மனசிலாச்சுங்களா” என்றான். துறைத் தலைவர் மேஜையைத் தட்டினார். பொன்ராஜ் கையை இறக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை அந்தக் கை அப்படியே நின்றது. காக்காய் வந்து உட்கார்ந்திருந்தாலும் அவன் அசைந்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

“ஒருத்தனுக்காகப் பேப்பர் நடத்த முடியாது,” என்றார் தலைவர். “நீ வர்கீஸ் சாரிடம் போ.”

சார் சுவரோரம் நின்றபடியே பொன்ராஜைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். நன்றி சொல்கிற தலையசைப்பு. “அந்தத் தலையசைப்ப வச்சுக்கிட்டு நான் எங்க போவேன், சொல்லு” என்று பொன்ராஜ் என்னிடம் கேட்டான். மூட்டை தைக்கிற ஊசியை எடுத்துப் பலகையில் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

இதுவரைக்கும் எனக்குத் தெரியும். இதற்குமேல் அவன் சொன்னது.

வருஷம் முடிந்து சார் கிளம்புவதற்கு முன், அவனைத் தம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். கொழிஞ்சாம்பாறையில் பஸ் இறங்கி, பனைமரங்களுக்கு நடுவே நடந்து போகவேண்டிய வீடு. சாரின் மனைவி பூமாரி வாசலிலேயே நின்றிருந்தார்.

“வாங்க தம்பி. அந்தக் கை நீங்கதானுங்களா?” என்றார். “ஊட்டுக்கு வந்து பத்துத் தரம் சொல்லிட்டாருங்க. ஒரு கை தூக்குச்சு, ஒரு கை தூக்குச்சுன்னு. எலக்சன்ல செயிச்ச மாதிரி.”

கடலை போட்டு நாட்டுக்கோழிக் குழம்பு. இலையில் சோறு மலையாகக் கிடந்தது. அந்த வருஷம் அவ்வளவு அரிசியை அவன் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தின்றான். சார் பக்கத்தில் உட்கார்ந்து, பொள்ளாச்சியில் ஒரு டுட்டோரியலில் இடம் கிடைத்திருப்பதாகச் சொன்னார். குரல் இன்னும் கம்மலாகவே இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் சாதாரணமாக, வெற்றிலை கேட்கிற மாதிரி கேட்டார்.

“தம்பி, நீங்க என்னை மாதிரி நல்லாப் பேசுவீங்களாமே. கொஞ்சம் பேசிக் காட்டுங்க. இவளும் பாக்கட்டும்.”

பொன்ராஜுக்குக் காது அடைத்துக்கொண்டது.

“தெரியுமுங்க, தெரியும்” என்றார் சார். “நான் உங்களப் புளியமரத்தடிக்குக் கூப்பிட்டனல்லங்க, அதுக்கு முந்தின நாளே மெஸ் சமையல்காரரு சொல்லிட்டாரு. கோவமெல்லாம் இல்லீங்க. அதனாலதான் உங்களக் கூப்பிட்டதே. என்னை அவ்வளவு கவனிச்சுப் பாத்தவங்க அந்தக் காலேஜுல வேற யாருங்க இருக்காங்க? கொறை என்னன்னு உங்களுக்குத்தானே தெரியும்? நீங்க சத்தம்னு சொன்னீங்க. சரியாத்தான் இருக்கும்னு எடுத்துக்கிட்டேன்.”

“பேசுங்க தம்பி, கூச்சப்படாதீங்க” என்று பூமாரியம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். ஆசையாக இருந்தது அவருக்கு.

பொன்ராஜ் எழுந்து நின்றான். சாரின் குரலைத் தேடினான். வரவில்லை. வார்டன் குரல், கண்டக்டர் குரல், எதுவும் வரவில்லை. கடைசியில் வந்தது சாந்தன்பாறைக் குரல்தான்.

“சத்தம்னு சொன்னது பொய், சார். யாரும் சொல்லல. நானாச் சொன்னேன்.”

பூமாரியம்மாள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. “மாசக்கணக்காத் தொண்டை கட்டி, நான் கசாயம் வெச்சு வெச்சுக் குடுத்தனே” என்றார். அவனிடம் சொல்லவில்லை. வெறும் இலையைப் பார்த்துச் சொன்னார்.

வெளியே பனையோலை உரசுகிற சத்தம். சார் ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே புளியமரம் இல்லை. பிறகு திரும்பி, ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அப்ப முன்னால பேசுனது கேட்டுச்சுங்களா?”

“கேட்டுச்சு, சார்.”

“கடைசி பெஞ்சுலயும்?”

“கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு, சார். ஒரு கம்பிளி, ஒரு சட்டி. எங்க தாத்தாதான் சார் அது. எல்லாம் கேட்டுச்சு.”

சார் தலையை ஆட்டினார். “அப்பச் சரிங்க” என்றார்.

பஸ் ஏற்றிவிட அவரே வந்தார். பொன்ராஜுக்கு ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. கிளம்புவதற்கு முன் பஸ் இரைந்துகொண்டு நிற்கும்போது சார் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, அண்ணாந்து பார்த்து, ஏதோ சொன்னார். கொஞ்சம் நீளமாகவே சொன்னார். இன்ஜின் சத்தத்தில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கத்தியிருந்தால் கேட்டிருக்கும். அவர் கத்தவில்லை, இனிமேல் கத்துவதாகவும் இல்லை. சொல்லி முடித்ததும் வழக்கம்போல் முகத்தைக் கொஞ்சம் தூக்கி உதட்டை அசைத்தார். அது மட்டும் புரிந்தது. மனசிலாச்சுங்களா.

“நீ என்னடா பண்ணுன?” என்று கேட்டேன்.

“தலைய ஆட்டிட்டேன்டா,” என்றான் பொன்ராஜ். “அப்பவும் பொய்யாத்தான் ஆட்டுனேன்.”

கீழே லாரியிலிருந்து சாக்கு இறக்கிவிட்டார்கள். யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து போய், ஒரு பிடி காயை அள்ளிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.